வயல் புகை, பெற்றோல் ஆவி, ஓசோன்: மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிக்கான கேள்வி பதில்

வெள்ளாமை செய்பவர்கள், தோணி எஞ்சின் வைத்திருப்பவர்கள், தளபாடப் பட்டறைக்காரர், உயர்தர இரசாயனம் படிக்கும் மாணவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே உள்ளன. சில பதில்கள் இரண்டு வரியில் முடியும், சில நீளும்.

ஓசோன் படலத்தைக் காப்பாற்றச் சொல்கிறார்கள். பிறகு ஓசோனை ஏன் மாசு என்கிறீர்கள்?

அது எங்கே இருக்கிறது என்பதுதான் விடயம். ஏறத்தாழ 15 முதல் 35 கிலோமீற்றர் உயரத்தில் உள்ள ஓசோன் புறஊதாக் கதிரைத் தடுக்கிறது. 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை காப்பது அதைத்தான். நாம் மூச்சிழுக்கும் உயரத்தில் அதே வாயு நுரையீரலையும் இலையையும் அரிக்கும். கீழே உண்டாகும் ஓசோன் மேலே போய்ப் படலத்தை நிரப்பும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அவ்வளவு உயரம் போகுமுன் அது வேறு எதனுடனாவது தாக்கமுற்று அழிந்துவிடும்.

தரையிலுள்ள ஓசோன் எந்த ஆலையிலிருந்து, எந்த வாகனத்திலிருந்து வருகிறது?

எதிலிருந்தும் நேரடியாக வருவதில்லை. அதனால்தான் இதைப் பிடிப்பது கடினம். மூன்று பொருட்கள் ஒன்றுசேர வேண்டும்: நைதரசன் ஒட்சைட்டுகள், ஆவிப்பறப்புள்ள சேதனச் சேர்வைகள், நல்ல வெயில்.

நைதரசனீரொட்சைட்டு சூரிய ஒளியில் பிளந்து ஓர் ஒட்சிசன் அணுவை விடுகிறது. அது காற்றிலுள்ள ஒட்சிசன் மூலக்கூறுடன் சேர்ந்து ஓசோன் ஆகிறது. பிளவில் எஞ்சிய நைத்திரிக் ஒட்சைட்டு அந்த ஓசோனையே திரும்பத் தாக்கி மீண்டும் நைதரசனீரொட்சைட்டாக மாறிவிடும். இது மட்டும் நடந்தால் கணக்கு நேராகிவிடும், ஓசோன் தேங்காது. சேதனச் சேர்வைகள் புகுந்ததும் கணக்கு பிசகுகிறது. காற்றிலுள்ள ஐதரொட்சில் மூலிகம் (மிக வேகமாகத் தாக்கமுறும் மூலக்கூறுத் துண்டு) அவற்றைத் தாக்கும்போது பரவொட்சி மூலிகங்கள் உண்டாகின்றன. இவை நைத்திரிக் ஒட்சைட்டை நைதரசனீரொட்சைட்டாக மாற்றும் வேலையை ஓசோனைச் செலவழிக்காமலே செய்துமுடிக்கின்றன. ஓசோனை அழிக்க ஆளில்லை, உண்டாக்கும் பொருளோ திரும்பத் திரும்பக் கிடைக்கிறது. மத்தியானம் வரை அது ஏறிக்கொண்டே போகும்.

உயர்தரப் பாடத்தில் ஒளியிரசாயனப் புகார் (புகைமூட்டம்) என்று படிப்பது இதைத்தான். லொஸ் ஏஞ்சலிஸ் நகரை 1943இல் கண்ணெரியும் மூட்டம் பிடித்தது. காரணம் வாகன, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆவிகளும் வெயிலும் என்று 1950களின் தொடக்கத்தில் காட்டியவர் ஆரி ஹாகன்-ஸ்மித். அதற்கு முன் அன்னாசிப்பழத்தின் வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர்.

ஆவிப்பறப்புள்ள சேதனச் சேர்வை என்றால் நம் வீட்டிலும் தெருவிலும் எவை?

காபன் அடங்கிய, சாதாரண வெப்பநிலையில் எளிதாக ஆவியாகும் எதுவும். பெற்றோல், மண்ணெண்ணெய், தின்னர், எனாமல் பெயின்ற், ஒட்டுப்பசை, படகு கட்டும் ரெசின், கிருமிநாசினிக் குப்பியின் கரைப்பான், அத்தர், விறகுப் புகை, எரியும் வைக்கோலின் புகை, மரத்தின் இலைகூட. மணக்கிறதென்றால் பெரும்பாலும் இந்த வகைதான். ஆனால் மணம் பலமாக இருப்பது ஓசோன் அதிகம் உண்டாகும் என்பதற்கு அடையாளமல்ல.

அப்படியானால் எல்லாம் ஒரே அளவு கெடுதல் இல்லையா?

இல்லை, வித்தியாசம் பெரியது. கலிபோர்னியாவில் வில்லியம் காட்டர் என்ற ஆய்வாளர் தயாரித்த அளவுகோல் ஒன்று உண்டு. நைதரசன் ஒட்சைட்டு தாராளமாக உள்ள காற்றில் ஒரு கிராம் சேர்வை அதிகபட்சம் எத்தனை கிராம் ஓசோனை உண்டாக்கும் என்பதை அது சொல்கிறது. அதன்படி புரோப்பீன் ஏறத்தாழ 11.7, ஐசோப்பிரீன் 10.6, மெற்றா-சைலீன் 9.8, போமல்டிகைட்டு 9.5, எதீன் 9. தொலுயீன் 4. எதனோல் 1.5, பியூற்றேன் 1.2, புரொப்பேன் 0.5, அசற்றோன் 0.4. மெதேன் 0.01 அளவுதான்.

இதிலிருந்து இரண்டு விடயங்கள் புரியும். சைலீன் கலந்த தின்னர் ஒரு லீற்றரை ஆவியாக விடுவதும் அசற்றோன் ஒரு லீற்றரை விடுவதும் ஒன்றல்ல. அடுத்தது, புகையில் உள்ள எதீன், புரோப்பீன், போமல்டிகைட்டு ஆகியவை இந்தப் பட்டியலின் உச்சியில் நிற்கின்றன. பட்டியலில் பென்சீனுக்கு 0.7தான். அதைப் பார்த்து பென்சீன் தீங்கற்றது என்று எண்ணிவிடக் கூடாது. ஓசோன் கணக்கில் அது சிறிது, ஆனால் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்.

மரங்களும் இதை வெளிவிடுகின்றனவாமே? அப்படியானால் காடுதான் குற்றவாளியா?

உலகம் முழுதும் தாவரங்கள் வெளிவிடும் ஐசோப்பிரீன் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 கோடி தொன். வெயிலும் சூடும் ஏற ஏற இது கூடும், இருட்டினால் நின்றுவிடும். யூக்கலிப்டஸ், எண்ணெய்ப்பனை, மூங்கில் போன்றவை அதிகம் விடுபவை. நெற்பயிர் மிகக் குறைவு.

ஆனால் தனியாக நிற்கும் காட்டில் ஓசோன் குவியாது. நைதரசன் ஒட்சைட்டு இல்லாத இடத்தில் ஐசோப்பிரீன் ஓசோனைச் சிறிது தின்னவும் செய்யும். காற்றில் அது ஓரிரு மணி நேரம்தான் தாக்குப்பிடிக்கும். அந்த நேரத்துக்குள் எஞ்சின் புகையோ வயல் புகையோ வந்து கலந்தால்தான் சிக்கல். குடும்பிமலைப் பக்கத்துக் காடும் உன்னிச்சையைச் சுற்றிய மரங்களும் இருக்கும்வரை நிழலும் மழைநீரும் கிடைக்கும், அவற்றை வெட்டி ஓசோனைக் குறைக்கும் யோசனையை இங்கே விட்டுவிடுவோம். தெருவோரம் புதிதாக நடுவதென்றால் மட்டும் யூக்கலிப்டஸைத் தவிர்க்கலாம்.

எங்கள் பகுதியில் எதைக் குறைத்தால் பலன்: ஆவிகளையா, நைதரசன் ஒட்சைட்டுகளையா?

நெருக்கமான பெருநகரத்தின் நடுவில் நைதரசன் ஒட்சைட்டு மிதமிஞ்சி இருக்கும். அங்கே ஓசோனைக் கட்டுப்படுத்துவது சேதனச் சேர்வைகளின் அளவு. 2020இல் முடக்கம் வந்து வாகனம் குறைந்தபோது பல நகரங்களில் ஓசோன் குறையாமல் கூடியது இதனால்தான். அதை அழிக்கும் நைத்திரிக் ஒட்சைட்டு குறைந்துவிட்டது.

வயலும் காடும் சூழ்ந்த இடங்களில் நிலைமை மறுபுறம். இலைகளே போதிய சேதனச் சேர்வையைத் தந்துவிடுகின்றன. நைதரசன் ஒட்சைட்டுதான் பற்றாக்குறைப் பொருள், கூடுதலாக வரும் ஒவ்வொரு கிலோவும் ஓசோனாகக் காசாகும். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் பெரும் பரப்பு இந்த வகையைச் சேர்ந்தது. ஆகவே இங்கே முதலில் தொடவேண்டியது இரண்டு பொருளையும் ஒரே நேரத்தில் தருபவற்றை: எரியும் வைக்கோல், எரியும் குப்பை, பராமரிப்பில்லாத எஞ்சின். பெயின்ற் ஆவி அதற்குப் பிறகுதான். பட்டறைக்குள் வேலை செய்பவரின் நெஞ்சுக்கு அது முதல் பிரச்சினை என்பது வேறு கதை.

புகையும் வாகனமும் கரையோர நகரத்தில். ஓசோன் மட்டும் ஏன் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கூடுதலாக இருக்கலாம் என்கிறீர்கள்?

இரண்டு காரணம். ஓசோன் உண்டாக மணிக்கணக்கு வேண்டும். காலையில் காத்தான்குடி, கல்லடி, கல்முனைத் தெருக்களில் கிளம்பிய ஆவி, கடற்காற்று எழுந்ததும் வாவியைத் தாண்டி மேற்கே நகர்கிறது. அது பழுத்து ஓசோனாகும் நேரத்தில் வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கம் போயிருக்கும். அம்பாறைக் கரையில் சம்மாந்துறைக்கு மேற்கே உள்ள வயல்களுக்கும் இதே கதி. அடுத்து, நகரத் தெருவில் புதிதாக வெளிவரும் நைத்திரிக் ஒட்சைட்டு பக்கத்திலிருக்கும் ஓசோனை அழித்துவிடும். ஆகவே மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் அளந்து குறைவாக வந்தால் மாவட்டம் முழுதும் நல்ல காற்று என்று அர்த்தமில்லை.

எந்த மாதம், எந்த நேரம் மோசம்?

நாளைப் பொறுத்தவரை விடியற்காலையில் மிகக் குறைவு. ஒன்பது பத்து மணியிலிருந்து ஏறி, பிற்பகல் ஒன்றுக்கும் நாலுக்கும் இடையில் உச்சம் தொட்டு, பொழுதுபட்டதும் இறங்கும்.

மாதத்தைப் பொறுத்தவரை, ஐப்பசி கார்த்திகை மழையும் முகிலும் ஓசோனை உண்டாக விடமாட்டா. மழை இடைவெளி விடும் மார்கழி, தை நாட்களில் வாடைக்காற்று வங்காள விரிகுடா வழியாகப் பெருநிலத்துப் புகைமூட்டத்தைக் கொண்டுவரும். 1999இல் நடந்த இந்து சமுத்திரப் பரிசோதனையில் இந்தப் பழுப்பு மூட்டம் கடலுக்கு மேல் பரந்து கிடந்ததை அளந்தார்கள். 2022 டிசெம்பரில் இலங்கையில் பாடசாலைகளை ஒருநாள் மூடவைத்ததும் இப்படி வந்த காற்றுத்தான். அப்போது பேசப்பட்டது முக்கியமாக நுண்துணிக்கை, ஓசோன் அல்ல.

உள்ளூர் ஓசோனுக்கு உகந்த காலம் மே முதல் செப்டெம்பர் வரை. மலைநாட்டைத் தாண்டி இறங்கும் கச்சான் காற்று ஈரமிழந்து சூடேறி வரும், வானம் வெளித்திருக்கும். கச்சான் பலமாக வீசும் நாளில் புகை கலைந்துவிடும். அது ஓய்ந்து கடற்காற்றும் மெலிந்த நாள்தான் கவனிக்கவேண்டியது. செப்டெம்பர் முதல் வாரத்தில் சூரியன் மட்டக்களப்புக்கு நேர் உச்சியில் நிற்கிறது. சிறுபோக அறுவடை முடிந்து வட்டைகளில் வைக்கோல் கொளுத்துவதும் அதே வாரங்களில்தான். இதைவிடப் பொருத்தமான கூட்டை வேண்டுமென்று தேடினாலும் கிடைக்காது.

வைக்கோலைக் கொளுத்தாமல் என்ன செய்வது? பெரும்போகத்துக்கு நேரமில்லையே?

முதலில் கொளுத்துவதில் என்ன போகிறது என்று பார்ப்போம். ஏக்கருக்கு இரண்டு தொன் நெல் விளைந்தால் குறைந்தது இரண்டு தொன் வைக்கோல் இருக்கும். அதில் நைதரசன் 10 முதல் 16 கிலோ வரை. பொற்றாசியம் 50 கிலோ எம்ஓபி (பொற்றாசியம் குளோரைட்டுப் பசளை) மூடை ஒன்றில் உள்ளதற்குக் குறையாது. கொளுத்தினால் நைதரசன் கிட்டத்தட்ட முழுதும் போய்விடும், பொசுபரசு கால்வாசியும் பொற்றாசியம் ஐந்திலொன்றும் போகும். எஞ்சும் சாம்பலும் மூலைக்கு மூலை குவிந்துகிடந்து முதல் மழையில் வாய்க்காலுக்கு ஓடும்.

செய்யவேண்டியது இது. அறுவடை மெசின் வைக்கோலை வரிசையாகக் கொட்டிவிட்டுப் போகும். அதை அன்றோ மறுநாளோ முள்ளுக்கரண்டியால் வயல் முழுதும் பரப்பிவிடுங்கள். பலர் செய்யாமல் விடுவது இதைத்தான். வரிசையாகக் கிடந்தால் கலப்பையில் சுற்றும், கடைசியில் கொளுத்தத்தான் தோன்றும். முதல் மழைக்கு மண் நனைந்ததும், தண்ணீர் தேங்குமுன், முதல் உழவைப் போடுங்கள். விதைப்புக்கு இரண்டு மூன்று கிழமை இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியில் வைக்கோல் காற்றுப்பட்டு உக்கவேண்டும்.

பிழை நேர்வது எங்கே? தேங்கிய தண்ணீருக்குள் பச்சையாகப் புரட்டி நாலு நாளில் விதைத்தால் நாற்று மஞ்சளிக்கும், வேர் கறுக்கும், சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அது ஐதரசன் சல்பைட்டு. அப்படி வந்தால் தண்ணீரை வடித்து இரண்டு மூன்று நாள் வயலைக் காயவிடுங்கள். உக்கும் வைக்கோல் மண்ணிலுள்ள நைதரசனைத் தற்காலிகமாகப் பிடித்துக்கொள்ளும், எனவே முதல் யூரியாவைப் பிந்தவிடக் கூடாது. தண்ணீருக்குள் உக்கவிட்டால் மெதேனும் கூடும். மெதேன் காற்றில் பத்து வருடமளவு நின்று உலகம் முழுதும் ஓசோனின் அடிமட்டத்தை உயர்த்துவது. வரண்ட நிலத்தில் உக்கவைக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

இலைமடல் கருகல் நோயோ குலைநோயோ கடுமையாக வந்த வயல் என்றால் அந்த வைக்கோலை மட்டும் வெளியே எடுத்துக் கூட்டெருவாக்குவது நல்லது. மாடு வைத்திருப்பவர் பக்கத்தில் இருந்தால் கட்டுக்கட்டாகக் கொடுத்துவிடலாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை நீரில் முழுதாகக் கரைத்துத் தெளித்து, பொலித்தீனால் காற்றுப்புகாமல் மூடி வைத்து, பிறகு ஆறவிட்டுக் கொடுத்தால் மாட்டுக்கு நல்ல தீவனம். கரையாத யூரியாக் கட்டி மாட்டைக் கொன்றுவிடும், அதில் கவனம்.

பனி நனைத்த வைக்கோலை மாலையில் கொளுத்துவது எல்லாவற்றிலும் மோசம். சுவாலை எழாமல் புகைந்துகொண்டே கிடக்கும். அரைகுறையாக எரியும்போதுதான் சேதனச் சேர்வைகள் அதிகம் வெளிவரும். இரவில் புகை மேலெழாமல் தரையோடு படுத்துக் கிடந்து மறுநாள் வெயிலுக்குக் காத்திருக்கும்.

வளவுக் குப்பையைக் கொளுத்துவது சிறு விடயம்தானே?

ஒரு வளவு சிறிதுதான், ஒரு ஊரே விடியற்காலையில் கூட்டிக் கொளுத்துகிறது என்பதுதான் பிரச்சினை. இலைகுழையைக் குழியில் போடுங்கள், தென்னை மட்டையை விறகுக்குக் காயவையுங்கள். பொலித்தீனும் ரெஜிபோமும் பழைய வயரும் நெருப்பில் விழவே கூடாது. ரெஜிபோம் எரிந்தால் ஸ்ரைரீனும் பென்சீனும் வரும், வயரின் பிவிசி எரிந்தால் ஐதரசன் குளோரைட்டும் டயொக்சினும்.

தோணி எஞ்சின் இவ்வளவு சின்னது. அது கணக்கில் வருமா?

வரும். இரண்டு அடிப்பு எஞ்சினில் எரிந்த வாயு வெளியேறும் வாயிலும் புது எரிபொருள் நுழையும் வாயிலும் சிறிது நேரம் ஒன்றாகத் திறந்திருக்கும். அந்த நேரத்தில் உள்ளே வந்த கலவையில் இருபது முப்பது வீதம் எரியாமலே வெளியே போய்விடும். அதாவது பத்து லீற்றர் ஊற்றினால் இரண்டு மூன்று லீற்றர் கடலுக்கும் காற்றுக்கும். இதே காரணத்தால்தான் இரண்டு அடிப்பு ஓட்டோக்களின் இறக்குமதி 2008இல் நிறுத்தப்பட்டது.

புது நான்கு அடிப்பு எஞ்சின் எல்லோராலும் வாங்கமுடியாது. இருப்பதை வைத்துச் செய்யக்கூடியவை இவை. மண்ணெண்ணெய் எஞ்சினைப் பெற்றோலில் கிளப்பி, நன்றாகச் சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, துளியாகவே வெளியேறும். வெள்ளைப் புகை அதன் அடையாளம். நிறுத்துமுன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றிச் சிறிது ஓடவிட்டால் காபரேற்றரில் மண்ணெண்ணெய் தங்காது, அடுத்தநாள் கயிற்றை இழுத்து இழுத்துக் களைக்கவும் வேண்டாம். எண்ணெய்க் கலவையைக் கண்ணால் மட்டிடாதீர்கள். கையேட்டில் 50க்கு 1 என்றிருந்தால் லீற்றருக்கு 20 மில்லிலீற்றர், அளவுக்கோப்பையால் அளந்து. கூட ஊற்றினால் எஞ்சினுக்கு நல்லது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. உண்மையில் பிளக் கறுத்து, நீலப்புகை வந்து, இழுவை குறையும்.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் எஞ்சினின் நிலை தெரியும். இளம் மண்ணிறம் என்றால் சரி. உலர்ந்த கரி படிந்திருந்தால் எரிபொருள் மிகுதி, சோக் மூடியே கிடக்கிறதா என்று பாருங்கள். ஈரமாக எண்ணெய் பூசியிருந்தால் கலவையில் எண்ணெய் அதிகம் அல்லது பொறி பலவீனம்.

மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடிக்கும்போது வரும் மணம்?

தாங்கிக்குள் ஒரு லீற்றர் பெற்றோல் இறங்கும்போது ஒரு லீற்றர் ஆவி வெளியே தள்ளப்படுகிறது. ஆவியை மீளப்பிடிக்கும் வசதி இல்லாத பம்பில் இது லீற்றருக்கு ஏறத்தாழ 1.3 கிராம். பொழுதுபட்ட பின் அடித்தால் அந்த ஆவிக்கு அன்றைய வெயில் கிடைக்காது. குழாய் தானே நின்ற பிறகு கழுத்து வரை நிரப்பச் சொல்லாதீர்கள். வெயிலில் நிறுத்தியதும் விரிந்து மூடிவழியாகக் கசியும். 2022 தட்டுப்பாட்டின்போது வாங்கிவைத்த கான்களும் போத்தல்களும் இன்னும் பல வீடுகளில் கிடக்கின்றன. தண்ணீர்ப் போத்தலில் பெற்றோல் வைத்தால் ஆவியும் கசியும், நெருப்புக்கும் அழைப்பு.

புகைச் சோதனையில் பெற்றோல் வாகனத்துக்கு அளப்பது காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனும். அதில் ஐதரோகாபன் எண் கூடுதலாக வந்தால் பிளக், காற்று வடிகட்டி, வால்வு இடைவெளி என்ற ஒழுங்கில் பாருங்கள். சோதனைக்கு முதல் நாள் மட்டும் காபரேற்றரைத் திருகி வைப்பவர் மிச்ச வருடம் முழுதும் பெற்றோலைக் காற்றுக்குக் கொடுக்கிறார்.

தளபாடப் பட்டறையில் தின்னரைக் குறைக்க வழி உண்டா? வேலை கெடக்கூடாது.

விசிறும் நைத்திரோசெலுலோசு லக்கரில் திண்மம் கால்வாசி அளவுதான், மிச்சமெல்லாம் காற்றுக்கே. சாதாரண விசிறு துப்பாக்கியில் மரத்தில் ஒட்டுவது மூன்றிலொன்றுகூட இல்லை. குறைந்த அழுத்தம், அதிக காற்று வகைத் துப்பாக்கியில் மூன்றில் இரண்டு பங்கு ஒட்டும். விலை கூடினாலும் லக்கரில் மிச்சம் பிடிக்கும். அழுத்தத்தைக் கூட்டினால் வேகமாக முடியும் என்பது தப்புக்கணக்கு, மூட்டம்தான் கூடும்.

துப்பாக்கி கழுவும் தின்னர் அடுத்த பெரிய இழப்பு. திறந்த வாளிக்குள் விசிறிக் கழுவாமல், மூடியுள்ள தகரத்துக்குள் பிரித்துப் போட்டு ஊறவையுங்கள். அடிமண்டி இறங்கியதும் மேல்தெளிவை அடுத்த முறை முதல் கழுவலுக்கு எடுக்கலாம்.

ஓசோனுக்காக மாலையில் விசிறலாமே என்று கேட்பார்கள். எனாமலுக்குச் சரி, லக்கருக்கு எங்கள் கரையோர ஈரப்பதம் விடாது. கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றிலுள்ள ஈரம் படியும், பூச்சு வெள்ளை பூத்துவிடும். மாரியில் பகலிலும் இது நடக்கும். அதைத் தடுக்க மெதுவாக ஆவியாகும் ரிற்றாடர் தின்னரைச் சிறிதளவு சேர்க்கிறார்கள். அளவு மீறினால் நாட்கணக்கில் காயாது, கைபட்டால் தடம் விழும். ஆகவே லக்கர் வேலையில் நேரத்தை மாற்றப் பார்ப்பதைவிட அளவைக் குறைப்பதே சரி. சுவருக்கு எமல்ஷன் போதுமான இடத்தில் எனாமல் அடிப்பதையும் நிறுத்தலாம்.

பைபர் தோணி கட்டும் இடத்தில் வரும் காரமான மணம் என்ன?

ஸ்ரைரீன். பொலியெஸ்டர் ரெசினில் எடைக்கு 35 முதல் 45 வீதம் அதுதான். பெரும்பகுதி இறுகும்போது ரெசினுக்குள் பிணைந்துவிடும், ஒரு பங்கு ஆவியாகும். இறுக்கியை ஒன்று முதல் இரண்டு வீதம் என்கிறார்கள். 33 பாகை வெயிலில் ஒரு வீதத்துக்கு அருகிலேயே நில்லுங்கள். கூடினால் வாளிக்குள்ளேயே சூடேறி, புகைந்து, வெடித்த கட்டியாகும், அப்போது பறக்கும் ஸ்ரைரீனும் அதிகம். விசிறுவதைவிட உருளையால் தேய்ப்பது ஆவியைக் குறைக்கும். இறுக்கியையும் கோபாற்று விரைவூட்டியையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும்.

கைபேசியில் காற்றுத் தரச் சுட்டெண் பச்சையாக இருக்கிறது. ஓசோனும் குறைவுதானே?

அந்த எண் எதை அளந்து வந்தது என்று பாருங்கள். வீடுகளிலும் பாடசாலைகளிலும் பூட்டும் மலிவான உணரிகள் நுண்துணிக்கையை மட்டும் அளப்பவை. ஓசோன் கண்ணுக்குத் தெரியாது, அந்த உணரிக்கும் தெரியாது.

பாடசாலையில் நாங்களே அளந்து பார்க்க முடியுமா?

தோராயமாக முடியும். 100 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரில் 5 கிராம் சோளமாவைக் கரைத்து, கிளறிக்கொண்டே சூடாக்கிக் கஞ்சிப் பதமாக்குங்கள். இறக்கி 1 கிராம் பொற்றாசியம் அயடைட்டைச் சேர்த்துக் கலந்து ஆறவிடுங்கள். வடிதாளில் மெல்லிதாகப் பூசி இருட்டில் உலர்த்தி, காற்றுப்புகாத உறையில் வையுங்கள். பயன்படுத்தும்போது வடித்த நீரில் நனைத்து, நிழலில், காற்றோட்டமான இடத்தில் எட்டு மணி நேரம் தொங்கவிடுங்கள். பிறகு மறுபடி நீரில் தோய்த்தால் அயடீன் மாப்பொருளோடு சேர்ந்து ஊதா நிறம் காட்டும்.

நேர் வெயிலில் தொங்கவிட்டால் ஒளியே அயடைட்டைச் சிதைத்துப் பொய்நிறம் தரும். ஈரப்பதம் கூடிய நாளில் நிறம் அதிகமாகவே வரும், நைதரசனீரொட்சைட்டும் அதே நிறத்தைத் தரும். ஆகவே எண் சொல்லாதீர்கள். ஒரே நாளில் வாவிக்கரையில் ஒன்று, பிரதான வீதியில் ஒன்று, உள்வயல் பாடசாலையில் ஒன்று என்று தொங்கவிட்டு ஒப்பிட்டால் பயனுண்டு.

காற்றில் ஓசோனுக்குச் சட்டப்படி எல்லை எவ்வளவு?

இலங்கையில் ஒரு மணிநேரச் சராசரி கன மீற்றருக்கு 200 மைக்கிரோகிராம், அதாவது ஏறத்தாழ நூறு கோடியில் நூறு பங்கு. உலக சுகாதார நிறுவனம் 2021 வழிகாட்டியில் சொல்வது எட்டு மணிநேரச் சராசரிக்கு 100 மைக்கிரோகிராம். கால அளவு வேறு என்பதால் இரண்டையும் நேரடியாக ஒப்பிட முடியாது.

முகக்கவசம் போட்டால் போதுமா?

போதாது. துணிக்கவசம் துணிக்கையை ஓரளவும் என்95 நன்றாகவும் தடுக்கும், இரண்டும் வாயுவை விட்டுவிடும். ஓசோன் கூடிய நாளில் நெஞ்சு இறுக்கம், வறட்டு இருமல், ஆழ மூச்சிழுத்தால் வலி வரலாம். ஆஸ்துமா உள்ளவருக்கு மறுநாள்கூட இழுப்புக் கூடும். பயன் தருவது நேரத்தை மாற்றுவது: விளையாட்டுப் பயிற்சியையும் கடும் வேலையையும் காலை ஒன்பதுக்கு முன் முடியுங்கள். வீட்டுக்குள் ஓசோன் வெளியைவிடக் குறைவு, சுவரிலும் துணியிலும் பட்டு அழிந்துவிடும். காற்றைச் சுத்தமாக்க என்று விற்கும் ஓசோன் உற்பத்தி இயந்திரத்தை வாங்கி வீட்டுக்குள் வைப்பது இதையெல்லாம் தலைகீழாக்கும்.

பயிரில் ஓசோன் பாதிப்பை எப்படி அடையாளம் காண்பது?

பயற்றை, சோயா, நிலக்கடலை போன்ற அகன்ற இலைப் பயிர்களில் பாருங்கள். முதிர்ந்த இலைகளின் மேற்புறத்தில், நரம்புகளுக்கு இடையில், ஊசிமுனை அளவு வெண்மை அல்லது செம்மண்ணிறப் புள்ளிகள். நரம்பு பச்சையாகவே இருக்கும். இலையைத் திருப்பினால் அடியில் ஒன்றுமிராது. அடியில் நூலாம்படையோ நகரும் புள்ளியோ இருந்தால் அது சிற்றுண்ணி. மஞ்சள் பரந்து புள்ளியில்லாமல் இருந்தால் மகனீசியக் குறைபாட்டைச் சந்தேகியுங்கள். நிழலில் மறைந்த பகுதியில் புள்ளி இல்லாமலிருப்பது ஓசோனுக்குச் சாதகமான சான்று. நெல்லில் இப்படித் தெளிவாகத் தெரியாது. இலை வேளைக்கே முதிர்ந்து, மணி நிரம்புவது குறைந்து, விளைச்சலில்தான் தெரியும்.

பக்கத்துப் பட்டறையோ அரிசி ஆலையோ தொடர்ந்து புகைவிடுகிறது. யாரிடம் போவது?

முதலில் அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் பிரதேச சபை அல்லது நகர சபையும். தொழிற்சாலை என்றால் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் பெற்றிருக்கவேண்டியதாக இருக்கலாம், அதைக் கேட்கவேண்டியது மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில். முறைப்பாட்டில் “நாற்றம் தாங்கவில்லை” என்று மட்டும் எழுதினால் நகராது. திகதி, தொடங்கி முடிந்த நேரம், காற்று வந்த திசை, புகையின் நிறம், எரித்த பொருள் ஆகியவற்றை ஒரு கிழமைக்குக் குறித்து, படத்தோடு, பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு கொடுங்கள். உமி எரிக்கும் கொதிகலனில் கரும்புகை வருவது பெரும்பாலும் காற்று போதாமை அல்லது ஈர உமி. உமியை மழைபடாமல் மூடிவைப்பதும் ஊதியின் கதவைச் சரியாகத் திறப்பதும் அதைப் பாதியாக்கிவிடும். முறைப்பாட்டுக்கு முன் ஆலைக்காரரிடம் இதைச் சொல்லிப் பார்த்தால் சில இடங்களில் அதோடு முடிந்துவிடும்.